நாலு குழாயும் ஒரு பெல்ட்டும்: ரோல் கேஜின் கதை

ரொம்ப நாளாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் செமஸ்டர் பரீட்சை. முடிந்துவிட்டது, ரிசல்ட் பற்றிக் கேட்காதீர்கள் :-)

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர மூலை, தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களை மீன் வாசனை எழுப்பிவிடும். அங்கே மாமா பையன் ஒரு நோட்டையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அவன் காலேஜில் பசங்கள் சேர்ந்து பாஹா போட்டிக்காக ஒரு காட்டு வண்டி கட்டுகிறார்கள்.

"மாப்ள, நீ பி.காம்.தானே? எந்தக் குழாய் வாங்குறதுன்னு டீமுக்குள்ள சண்டை. வண்டிக்கு மேல வர்ற கூண்டுக்கு. காஸ்ட் ரிப்போர்ட் வேற கொடுக்கணும். கொஞ்சம் கணக்குப் பாருடா."

கூண்டு என்று அவன் சொன்னது ரோல் கேஜ். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவன் நசுங்காமல் இருக்க ஓட்டுநரைச் சுற்றிக் கட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம். கணக்குப் பார்க்க உட்கார்ந்தவன், இதை யார் முதலில் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று தோண்டப் போய் நாலு நாள் ஓடிவிட்டது. அதுதான் இந்தக் கட்டுரை.

தோண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று பேராவூரணி, பட்டுக்கோட்டைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல மாதம் மரம் இழுக்கிற வேலைதான். எங்கள் தெருவில் டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். விழுந்த மரத்துக்குச் சங்கிலி போட்டு இழுத்தபோது வேர் விடவில்லை. டிராக்டரின் முன் சக்கரம் தூக்கி, வண்டி அப்படியே பின்பக்கமாக அவர் மேலேயே கவிழ்ந்தது. தூக்கிக்கொண்டு ஓடவும் நேரமில்லை. சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில் மாட்டாமல் மேலே, அச்சுக்கு உயரத்தில் மாட்டியிருந்தார் என்று பெரியவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை. "விதி" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா பையனின் கூண்டைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது, இந்தக் கூண்டின் கதையில் பெரிய பங்கு ரேஸ் காருக்கு இல்லை, டிராக்டருக்குத்தான்.

டிராக்டரின் எடை பின்னால். எஞ்சின் பின் அச்சைச் சுழற்ற முயல்கிறது. பின் சக்கரம் சுழல முடியாமல் இறுகிப் போனால், அந்த அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பே சுழன்று மேலே எழும்பும். பாரத்தை அச்சுக்கு மேலே கட்டியிருந்தால் அது இன்னும் சுலபம். முன் சக்கரம் தூக்கியதிலிருந்து வண்டி தலைகீழாக விழ ஒன்றரை நொடி போதும் என்கிறார்கள். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள். குதித்துத் தப்பலாம் என்பதெல்லாம் சினிமா.

இந்தச் சாவுகளை விதி என்று விடாமல் முதலில் எண்ணிப் பார்த்த நாடுகளில் ஒன்று சுவீடன். 1959-ல் அங்கே புது டிராக்டர் என்றால் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் (சட்டசபைச் சட்டமும் இரும்புச் சட்டமும்!) இருந்தே ஆகவேண்டும் என்று விதித்தார்கள். பிறகு பழைய டிராக்டர்களுக்கும் படிப்படியாக வந்தது. 1957-ல் ஒரு லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்கு 17 பேர் கவிழ்ந்து செத்துக்கொண்டிருந்த நாட்டில், 1990-ல் அந்த எண் 0.3 ஆகியது. இந்த எண்ணை நான் இரண்டு மூன்று தடவை திரும்பப் படித்தேன். ஓட்டுநர்கள் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. டிராக்டர் கவிழ்வது நிற்கவும் இல்லை. கவிழ்ந்த பிறகு மனிதனுக்கு இடம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி 1966-ல் ரோல்-கார்ட் என்ற பெயரில் இரண்டு கால் வளைவு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அவர்கள் செய்தது காமர்ஸ் மாணவனுக்கு ஆச்சரியமான விஷயம்: அந்த வடிவமைப்பைப் போட்டிக் கம்பெனிகளும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். நல்ல மனசு என்றும் சொல்லலாம். ஒரே ஒரு கம்பெனி மட்டும் வளைவு வைத்தால் அவன் டிராக்டர்தான் கவிழும் போலிருக்கிறது என்று வாங்குகிறவன் நினைப்பானே என்ற வியாபார புத்தி என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனாலும் விவசாயிகள் காசு கொடுத்து வாங்கவில்லை. கடைசியில் கூலிக்கு ஆள் ஓட்டும் டிராக்டர்களில், 1976 அக்டோபர் 25-க்குப் பிறகு தயாரானவற்றில், இது கட்டாயம் என்று அரசாங்கம்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொந்த வயலில் தானே ஓட்டுகிறவனுக்கு அந்த விதி பொருந்தவில்லை. தன் உயிருக்குத் தானே காசு செலவழிப்பதில் மனிதன் எங்கேயும் கஞ்சன்தான்.

ராணுவத்திலும் இதே கதை. நமக்கு ஜீப் என்றால் மகிந்திரா, 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தவர்கள். அமெரிக்க ராணுவத்தில் அந்த ஜீப் பரம்பரைக்குப் பிறகு எம் 151 என்று ஒரு வண்டி வந்தது. மேடு பள்ளத்தில் சமத்து, ஆனால் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி கவிழும். 1970 வாக்கில் பின் சஸ்பென்ஷனை மாற்றிப் பார்த்தார்கள். உருளுக்குக் காப்புக் கூண்டு பரவலாகப் பொருத்தியது 1980-களின் பிற்பகுதியில். ரிடையர் ஆன வண்டிகளைப் பொதுமக்களுக்கு முழுசாக விற்கக்கூட இல்லை, துண்டு துண்டாக வெட்டித்தான் கழித்தார்கள்.

ரேஸுக்கு வருவோம். ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு வளைவு கட்டாயமானது 1961-ல்தான். அதற்கு முன் பத்து வருடம் உலக சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது, வளைவு இல்லாமலே. நம் பக்கம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கி, சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்று தனி டிராக் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த ரகத்தைத்தான். நம்ம ஊர்ப் பட்டறையில் நம்ம ஊர் எஞ்சினுக்குக் குழாய்களை வளைத்து ஒட்டி மனிதனை உட்கார வைப்பது என்ற வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பரம்பரை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

வளைவு இருந்தால் போதும் என்றும் இல்லை. 2022-ல் சில்வர்ஸ்டோனில் சீன ஓட்டுநர் ஜோ குவான்யூவின் கார் முதல் திருப்பத்திலேயே தலைகீழாகச் சறுக்கிக்கொண்டு போனதை யூடியூபில் பாருங்கள். சோதனையில் பாஸ் ஆன அந்த வளைவு உடைந்துபோனது. 2018-ல் கட்டாயமான ஹாலோ என்ற இன்னொரு வளையம் இருந்ததால் அவர் உயிர் தப்பினார்.

இப்போது மாமா பையன் கட்டும் வண்டியின் சொந்தக்காரர்கள். நாலு சக்கரம், பைக் மாதிரி காலைப் போட்டு உட்காரும் வண்டி ஏ.டி.வி. அதையே இரண்டு இருக்கை பக்கத்தில் பக்கத்தில், ஸ்டியரிங், பெல்ட், தலைக்கு மேல் கூண்டு என்று மாற்றினால் சைட்-பை-சைட். 1988-ல் கவாசாகி மியூல் என்று பண்ணை வேலைக்கு ஒன்று வந்தது. அதை வேக விளையாட்டாக மாற்றியது 2004 மாடலாக வந்த யமஹா ரைனோ. ஒடுக்கமான வண்டி, உயரமான உட்காருமிடம். கூண்டும் பெல்ட்டும் கம்பெனியே கொடுத்தது. ஆனாலும் கவிழ்ந்தது, ஆட்கள் செத்தார்கள். 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தான் விசாரித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ரைனோ விபத்துகளில் 46 பேர் இறந்ததாக அறிவித்தது. கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது. என்ன சரிசெய்தார்கள் என்று கவனியுங்கள். கூண்டைத் தடிமனாக்கவில்லை. பின் சக்கரங்களை வெளியே தள்ளி அகலம் கூட்டினார்கள், பின்னால் இருந்த ஆன்டி-ஸ்வே பாரைக் கழற்றினார்கள், அரைக் கதவும் கைப்பிடியும் வைத்தார்கள்.

கதவு எதற்கு? வண்டி சாயும்போது மனிதன் அனிச்சையாகக் காலை வெளியே ஊன்றுவான். சைக்கிள் பழக்கம். அரை டன் வண்டி, கூண்டோடு சேர்த்து, அந்தக் கால் மேல் இறங்கும். பெல்ட் போடாதவன் பாதி வெளியே வருவான், அவனைக் காக்க வேண்டிய குழாயே அவன் மேல் விழும். டிராக்டர் வளைவுக்கும் இதே விதிதான். வளைவு இருக்கிறது, பெல்ட் இல்லை என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

2011-ல் பொலாரிஸ் இந்தியாவுக்கு வந்தபிறகு பணக்காரத் தோட்டங்களிலும் ரிசார்ட்டுகளிலும் இந்த ரக வண்டிகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. வாங்கியவர்கள் பலர் கம்பெனிக் கூண்டைக் கழற்றிவிட்டுத் தனக்குப் பிடித்த மாதிரி செய்துகொள்கிறார்கள். உயரம் குறைவாக, ஸ்டைலாக! இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம். கம்பெனிக் கூண்டு பார்க்கச் சுமாராக இருக்கலாம். ஆனால் அது ஐ.எஸ்.ஓ. 3471 மாதிரி ஒரு அளவுகோலின்படி அழுத்திச் சோதித்தது. அழகுக்குச் செய்த கூண்டை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. முதல் சோதனையே கவிழும்போதுதான். ஹெல்மெட் மேலிருந்து கூண்டுக்கு எத்தனை இடைவெளி, மேல் வளைவுக்குப் பின்பக்கத்திலிருந்து சாய்வுத் தாங்கல் உண்டா, பெல்ட்டை எதில் கட்டியிருக்கிறது, வெல்டிங் செய்தது யார், இதையெல்லாம் கேட்டபிறகு கலரைப் பற்றிப் பேசலாம்.

பாஹா போட்டியில் இந்தக் கேள்விகளையெல்லாம் விதிப்புத்தகமே கேட்டுவிடுகிறது. 1976-ல் அமெரிக்காவில் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த போட்டி. இந்தியாவில் எஸ்.ஏ.இ. இந்தியா 2007 முதல் நடத்துகிறது, இந்தூர் பக்கம் பீதம்பூரில் பிரபலமானது. வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். டீம்களுக்கு ஒரே மாதிரி சின்ன எஞ்சின்தான். அதனால் எடை குறைத்தவன்தான் ஜெயிப்பான். எடையின் பெரிய பங்கு கூண்டு. ஆக, உயிர் காக்கும் சாமானைக் குறைத்துத்தான் ஜெயிக்க முடியும் என்ற வில்லங்கமான நிலை. அதைத் தடுக்க விதி இருக்கிறது: முக்கியக் குழாய்கள் 25.4 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 1018 எஃகுக் குழாய்க்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும், விறைப்பிலும் வலுவிலும். தடிமன் 1.57-க்குக் கீழே போகக்கூடாது. கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி. (விதி வருடா வருடம் திருத்தப்படும். கட்டுகிறவர்கள் அந்த வருடப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளவும், என்னைப் பிடிக்காதீர்கள்.)

டீமில் சண்டை என்னவென்றால், கேப்டனுக்கு 4130 வேண்டும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, பெயரே கம்பீரம். எங்களுக்குச் சொன்ன விலை கிலோவுக்கு 1018-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். மாமா பையனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கவலை. நான் எக்ஸெல் திறந்தேன்.

குழாயின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கோடு போகும். வெளிவிட்டம் நாலிலிருந்து உள்விட்டம் நாலைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம், பி.காம். மூளைக்கும் எட்டும். விதிக் குழாய் மீட்டருக்கு 1.66 கிலோ. 31.75 மில்லிமீட்டர் விட்டம், 1.6 தடிமன் போட்டால் மீட்டருக்கு 1.19 கிலோ. எடை 28 சதவீதம் குறைகிறது, விறைப்போ 28 சதவீதம் கூடுகிறது! கேப்டன் இதைக் காட்டித்தான் 4130 என்று பேசிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த லாபம் எஃகின் பெயரால் வந்ததில்லை, விட்டத்தால் வந்தது. எல்லா எஃகுக்கும் விறைப்புத் தன்மை கிட்டத்தட்ட ஒன்றேதான். 4130 ஜெயிப்பது வளைந்து போகாமல் தாங்கும் வலுவில் மட்டும்.

சரி, அதே 31.75 விட்டத்தில் சாதாரண 1018-ஐ 2 மில்லிமீட்டர் தடிமனில் போட்டால்? மீட்டருக்கு 1.47 கிலோ. வலு விதிக் குழாயைவிட 23 சதவீதம் அதிகம், கேப்டனின் மெல்லிய 4130-க்குச் சமம். 30 மீட்டர் குழாய்க்கு அவர் கூண்டைவிட 8 கிலோ கூடுதல், விதிக் குழாயைவிட 6 கிலோ குறைவு. விலை சாதாரணம். வெல்டிங்கும் சுலபம், 1.6 தடிமன் குழாயில் கை கொஞ்சம் நின்றால் ஓட்டை விழுந்துவிடும். 8 கிலோவை ஓட்டுகிறவன் பரோட்டாவைக் குறைத்துச் சரிக்கட்டலாம் என்று நான் சொன்னது டீமில் எடுபடவில்லை. ஆனால் கணக்கு எடுபட்டது.

மிச்சம் இருந்தது எங்கள் ஊர்ப் பட்டறை. சாம்பிள் வெல்டிங்குக்காக அங்கே போனோம். பட்டறை அண்ணன் ஜீப்புக்கெல்லாம் கூண்டு கட்டியவர். "எதுக்குத் தம்பி அவ்ளோ தூரம், ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் இருக்கு, சி கிளாஸ், செவப்புக் கோடு, அடிச்சாலும் வளையாது" என்றார். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் ஒரு இஞ்ச் என்பது உள்ளே ஓடும் வழியின் பெயரளவு. வெளியே அளந்தால் 33 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கூண்டுக் குழாயில் ஒரு இஞ்ச் என்றால் வெளிவிட்டம். இரண்டாவது, துத்தநாகப் பூச்சு. அதன் மேலேயே வெல்டிங் வைத்தால் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஒட்டிலும் துளைகள் விழும். தண்ணீர் கசியாமல் இருக்கச் செய்த குழாய் அது. கவிழும் வண்டியைத் தாங்குமென்று அதைச் செய்தவன் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணனிடம் இதை இத்தனை நீளமாகச் சொல்லவில்லை, அடி வாங்கியிருப்பேன்.

ரோட்டில் ஓடும் ஜீப்புக்குக் கூண்டு கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பதே ஆபத்து. சின்ன மோதலில்கூட மண்டை அதில்தான் போய் இடிக்கும். 2020-ல் வந்த தார் ஜீப்பில் கம்பெனியே கூண்டு வைத்துக் கொடுக்கிறது.

இரண்டு சாம்பிள் ஒட்டினோம். ஒன்றை அறுத்துப் பார்க்க, இன்னொன்றை வைஸில் மாட்டிக் கிழித்துப் பார்க்க. வெல்டிங் விடக்கூடாது, பக்கத்துக் குழாய்தான் கிழிய வேண்டும், அதுதான் பாஸ். முதல் முறை ஒட்டே விட்டுவிட்டது. அண்ணனுக்கு ரோஷம் வந்து, கிரைண்டரைப் போட்டு விளிம்பைச் சரிவாக்கி, மறுபடி ஒட்டினார். மூன்றாவது சாம்பிளில் இரண்டு பேர் தொங்கியபிறகு குழாய் கிழிந்தது, ஒட்டு அப்படியே நின்றது.

டீ குடிக்கும்போது அண்ணன் கேட்டார், "இந்த மாதிரி டிராக்டருக்கு ஒண்ணு வளைச்சு வச்சா என்ன?" புயல் வருடத்தில் கவிழ்ந்த அந்த டிராக்டரைத் தூக்கி நிமிர்த்த ஜாக்கி கொண்டுபோனவர் அவர்தான். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் டிராக்டர்களில் அந்த வளைவு வைத்தே போகிறது, நம் வயலில் இறங்குகிறவற்றில்தான் பெரும்பாலும் இல்லை என்றேன். பட்டறையில் வளைத்து வைப்பது சரிவராது, பின் அச்சு உறையில் எந்த இடம் தாங்கும் என்பது அந்தந்த மாடலுக்குச் சோதித்துச் செய்ய வேண்டியது, கம்பெனியில்தான் கேட்க வேண்டும், கூடவே பெல்ட்டும் வேண்டும் என்றேன்.

"டிராக்டர்ல பெல்ட்டா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன வெல வரும்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றார். அறந்தாங்கியில் ஒரு டீலரிடம் போன் போட்டிருக்கிறேன். மாடல் நம்பர் கேட்டார்கள். நாளைக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும்.